பூனாவுல நேர்காணல், இங்க கவுன்சலிங், நடுவுல நான்

மோர்தானா | குடியாத்தம் | ஞாயிறு, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இந்தப் பக்கத்தைப் படிக்க மட்டும்தான் செஞ்சேன். இன்னைக்குத்தான் முதல் முறையா எழுதுறேன்.

நான் ரெண்டாவது வாட்டி நீட் எழுதினவ. மார்க்கை இங்க போடல, எங்க தெருக்காரங்களே ரெண்டு பேர் இங்க இருக்காங்க. 2024ல எழுதினப்போ நல்ல மார்க்குனு சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன். ரிசல்ட் வந்தப்போ 67 பேருக்கு 720க்கு 720. அப்புறம் கருணை மதிப்பெண்ணை எடுத்து, மறுதேர்வு வச்சு, ஒரு பிசிக்ஸ் கேள்வியோட விடையையும் மாத்தி, அது 17 பேரானது. என் ரேங்க் எங்கயோ போயிடுச்சு. இந்த வருஷம், 2025ல, பிசிக்ஸ் கேள்வியைப் பார்த்துட்டு ஹால்லயே கண்ணு கலங்கிடுச்சு. வெளிய வந்து பார்த்தா இந்தியாவுலயே முதல் மார்க்கு 686தான். போன தடவையை விட மார்க்கு கம்மி, ரேங்க் மேல. நான் படிச்சதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு இன்னும் புரியல.

விஷயம் இதுதான். பூனால இருக்கிற ராணுவ மருத்துவக் கல்லூரிக்கு, அதான் ஏஎஃப்எம்சிக்கு, விருப்பம் குடுத்திருந்தேன், நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்காங்க. பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். அரசு உதவி பெறும் பள்ளி, அதனால அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடையாது. நைனா கைத்தறி, அம்மா பீடி. எங்க வீட்டுல யாரும் இதுவரைக்கும் ஒரு நேர்காணலுக்கும் போனதில்ல.

இங்கிலீஷ் தடுமாறினா வெளிய அனுப்பிடுவாங்களா? என்னதான் கேப்பாங்க? நம்ம ஸ்டேட் கவுன்சலிங்கும் அதே வாரத்துல வந்தா என்ன பண்றது? இன்னொண்ணு இருக்கு, அதை எப்படிக் கேக்கிறதுனு தெரியல. பார்க்கிறவங்க எல்லாம் "உனக்குக் கிடைச்சிடும்"னு சொல்றாங்க. அதைக் கேட்டாலே வயித்தைப் பிசையுது.


வெயிலூரான் | வேலூர் | ஞாயிறு, இரவு 10:40

தங்கச்சி, கசப்பா இருந்தாலும் சொல்லிடறேன். இது குலுக்கல் சீட்டு. எங்க அக்கா 2012ல பிளஸ் டூ மார்க்கை வச்சே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரில சேர்ந்துட்டா. 2007ல இருந்து 2016 வரைக்கும் நம்ம ஸ்டேட்ல நுழைவுத் தேர்வே கிடையாது. அதே வீடு, அதே ஸ்கூல், அக்காவை விட 11 மார்க்கு கூட வாங்கின நான் 2017ல நீட்ல மாட்டினேன். அஞ்சு வருஷம் லேட்டாப் பொறந்ததுதான் நான் பண்ண தப்பு. இப்ப பேங்க்ல உட்கார்ந்து நகைக்கடன் போட்டுக்கிட்டு இருக்கேன். அதனால ரொம்ப மெனக்கெடாத. கிடைச்சா கிடைக்கும்.


சத்துவாச்சாரி_அம்மா | வேலூர் | ஞாயிறு, இரவு 11:05

வெயிலூரான் தம்பி, புள்ள தூக்கம் வராம எழுதியிருக்கு, அதுக்கிட்ட போய் இப்படியா பேசறது. மெனக்கெடாதன்னு சொல்ல நீங்க யாரு?

பாப்பா, என் பையனும் போன வருஷம் இந்த ஓட்டம் ஓடினவன்தான். நேர்காணலுக்குன்னு தனியா கிளாஸ் எடுக்கிறாங்களாமே, அதுல சேர்ந்துடேன். சென்னைல இருக்குதுன்னு கேள்விப்பட்டேன்.


தோல்ஷாப்_மகன் | ராணிப்பேட்டை | திங்கள், காலை 6:20

அம்மா, மன்னிச்சுக்கோங்க, வேணாம். நான் அந்தக் கிளாஸ்ல உட்கார்ந்தவன். பேரு சொல்ல மாட்டேன். மூணு நாளைக்கு 18,000 ரூபாய். கேள்வி, பதில் ரெண்டும் அச்சடிச்ச ஒரு கட்டு பேப்பர் குடுத்தாங்க. "உன் பலவீனம் என்ன?"ன்னு கேட்டா "நான் ரொம்பக் கடுமையா உழைப்பேன், அதுதான் என் பலவீனம்"னு சொல்லணுமாம். முப்பது பேரும் ஒரே பதிலை மனப்பாடம் பண்ணோம். கோட்டு போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி சிரிச்சுப் பழகச் சொன்னாங்க. அந்தச் சிரிப்பை எங்க பாட்டி பார்த்துட்டு, பல்லு வலியாப்பான்னு கேட்டாங்க.

அங்க போயி அந்தப் பதிலைச் சொன்னேன். எதிர்ல இருந்தவரு பேனாவைக் கீழ வச்சிட்டாரு. அந்தப் பேனா அதுக்கப்புறம் எழும்பவே இல்ல.


பேட்டைக்காரர் | கம்மவான்பேட்டை | திங்கள், காலை 7:02

பாப்பா, நான் ஆர்மி மெடிக்கல் கோர்ல நர்சிங் அசிஸ்டெண்டா 24 வருஷம் இருந்துட்டு வந்தவன். எங்க ஊரை ராணுவப்பேட்டைன்னுதான் சொல்வாங்க, வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துல இருப்பாங்க. காலேஜ் உள்ள என்ன நடக்குதுன்னு டாக்டருங்க வாயால கேட்டது, அங்க இருந்து வந்தவங்களோட வேலை செஞ்சது, இவ்ளோதான் எனக்குத் தெரியும்.

முதல்ல கணக்கு. பையன்களுக்கு 115 இடம், பொண்ணுங்களுக்கு 30. அந்த 30ல ஒண்ணுக்குத்தான் நீ போற. நீட் ரேங்க் மட்டும் பத்தாது. இங்கிலீஷும் தர்க்கமும் கலந்து ஒரு சின்னத் தேர்வு, அரை மணி நேரத்துல 40 கேள்வி. மனநிலைத் தேர்வு ஒண்ணு எழுதணும். அப்புறம் நேர்காணல், அதுக்கு 50 மார்க்கு. எல்லாம் தாண்டினாலும் உடல் தகுதிச் சோதனை உண்டு. கண்ணு, காது, பல்லு, முதுகு எல்லாம் பார்ப்பாங்க. இப்பவே ஒரு கண் டாக்டரைப் பார்த்துடு. நல்லா மார்க்கு வாங்கின புள்ளைங்க அங்க வந்து உடல் தகுதில நின்னு போனதைக் கேட்டிருக்கேன்.

படிச்சு முடிச்சா பட்டாளத்துல வேலை செஞ்சே ஆகணும். பத்திரம் எழுதி வாங்குவாங்க. சும்மா ஃபீஸ் கம்மின்னு போறவங்களை நேர்காணல்ல மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாங்கன்னு எங்க கர்னல் சொல்வாரு.

வேலூர்னு சொன்னா கோட்டையைக் கேட்டாலும் கேட்பாங்க. 1806 ஜூலை 10, சிப்பாய்ங்க கிளர்ச்சி. எதுக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கோ. புதுத் தலைப்பாகை, அதுல தோல் குஞ்சம், நெத்தியில குறி வைக்கக் கூடாது, தாடி வைக்கக் கூடாதுன்னு உத்தரவு. தேதியை ஒப்பிக்கிறவங்க நிறைய பேரு, காரணம் சொல்றவங்க கம்மி.

இன்னொண்ணு எழுதணும்னு தோணுது. லடாக்ல லே பக்கம், பனி. எங்க கூட ஒரு லேடி கேப்டன், ஏஎஃப்எம்சி படிச்சவங்க. 26 வயசு இருக்கும். கீழ இருந்து மேல போறவங்க 9,000 அடிக்கு மேல ஆறு நாள் தங்கணும், 12,000 தாண்டினா இன்னொரு நாலு நாள், 15,000 தாண்டினா மறுபடி நாலு நாள். ஒரு பையன் தலைவலியை மறைச்சிட்டு மேல ஏறிட்டான். ராத்திரி நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சு. மூச்சு விட்டா கொழகொழன்னு சத்தம். ஹெலிகாப்டர் விடிஞ்சாத்தான். ஒரு பெரிய பை இருக்கு, ஆளை உள்ள படுக்க வச்சு ஜிப்பை மூடி, காலால பம்பை மிதிச்சு உள்ள காத்தை ஏத்தணும். உள்ள இருக்கிறவனுக்கு அது மலையை விட்டு இறக்கின மாதிரி. அந்தம்மா ராத்திரி முழுக்க என்னோட மாத்தி மாத்தி மிதிச்சாங்க. நடுவுல பைக்குள்ள இருக்கிற சின்னக் கண்ணாடி வழியா அவன்கிட்ட பேசிக்கினே இருந்தாங்க, அவன் ஊர்ல என்ன பயிருன்னு. விடியறப்போ அவங்க பூட்ஸ்ல ஒண்ணு கிழிஞ்சிருந்தது.

ஏன் ராணுவ மருத்துவம்னு கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்குச் சொல்லித்தர வராது. ஆனா எனக்கு அந்த பூட்ஸுதான் ஞாபகம் வரும்.


பாகாயம்_பழசு | வேலூர் | திங்கள், இரவு 9:15

நான் 90களில் சிஎம்சியில் படித்தவன். அப்போது அவர்களே தனித் தேர்வு வைத்து, தேறியவர்களை இங்கே வரவழைத்து மூன்று நாள் வைத்திருப்பார்கள். குழுவாகச் செய்ய ஏதாவது வேலை தருவார்கள், ஒரு பக்கம் தனி நேர்காணல், ஒரு பக்கம் எழுத்து. நாம் என்ன செய்தோம் என்பதைவிட, அடுத்தவன் கயிறு அவிழ்ந்தபோது என்ன செய்தோம் என்பதையும் ஒருவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு முடிச்சுப் போடவே தெரியாது. "எனக்கு வராது, யாராவது காட்டுங்கள்" என்று கேட்டேன். அது எனக்குச் சாதகமாக இருந்ததா, பாதகமாக இருந்ததா என்று இன்றுவரை தெரியாது.

அதே மாதம் வேறு மாநிலத்தில் இன்னொரு கல்லூரி நேர்காணலுக்கும் போயிருந்தேன். ஏழு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள், பட்டியலில் பெயர் இல்லை. அதே சட்டை, அதே நான். வெயிலூரான் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

2017-ல் இன்னும் கொடுமை. நீட் வழியாகத்தான் சேர்க்க வேண்டும் என்று வந்தபோது, வழக்கு முடியட்டும் என்று சிஎம்சி காத்திருந்தது. 100 எம்பிபிஎஸ் இடத்தில் அந்த வருடம் சேர்ந்தவர் ஒருவர். நீட் எல்லாருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2020 ஏப்ரல் 29-ல். சிஎம்சியின் பாகாயம் வளாக நேர்காணலுக்கென்றே ஒன்பதாம் வகுப்பிலிருந்து தயாராகி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் ஓட வந்த மைதானமே மாறிவிட்டது.

சரி மோர்தானா. இங்கேயே ஒத்திகை பார்ப்போம். "ஏன் டாக்டராக வேண்டும்?" அழிக்காமல், திருத்தாமல், இப்போதே பதில் போடு.


மோர்தானா | குடியாத்தம் | திங்கள், இரவு 9:31

ஐயா, இதோ:

சிறு வயது முதலே மருத்துவராகி ஏழை எளிய மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் லட்சியம். மருத்துவம் ஒரு புனிதமான தொழில். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் செய்த சேவை எனக்கு உந்துதலாக அமைந்தது. நாட்டுக்காக உயிரைக் கொடுக்கும் வீரர்களுக்குச் சேவை செய்வது எனக்குப் பெருமை.


பாகாயம்_பழசு | வேலூர் | திங்கள், இரவு 9:44

கோபித்துக்கொள்ளாதே அம்மா. இதை அவர்கள் ஒரு நாளைக்கு முப்பது முறை கேட்பார்கள். ஏழை எளிய மக்கள் என்கிறாய். அப்பா தறி, அம்மா பீடி என்று நீதானே எழுதினாய்? உன் பதிலில் வரும் ஏழைகள் யார்? நீ எங்கே நின்றுகொண்டு அவர்களைப் பார்க்கிறாய்?

ஐடா ஸ்கடரை இழுத்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். 1900-ல் ஒற்றைப் படுக்கையில் ஆரம்பித்தவர் 1918-ல் ஏன் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார்? தெரிந்தால் சொல், தெரியாமல் பெயரை மட்டும் எடுக்காதே. "உங்கள் ஊரிலேயே சிஎம்சி இருக்கும்போது பூனா எதற்கு?" என்றும் கேட்கலாம். ஃபீஸ், ரேங்க், நிஜக் காரணம் எதுவோ அதைச் சொல்.

இன்னொரு முறை. இந்த முறை நீ கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. "சேவை" என்ற சொல் வரவே கூடாது.


ஆற்காடு_டு_லெஸ்டர் | இங்கிலாந்து | செவ்வாய், அதிகாலை 2:50

ஆற்காட்டுக்காரி, இங்க ஜிபியா, அதாவது குடும்ப டாக்டரா இருக்கேன். பாகாயம் சார் சொல்றதுக்கு மேல ஒரு வார்த்தை.

இங்க பெரும்பாலான காலேஜ்ல எம்எம்ஐன்னு ஒரு முறை. கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சது. ஒரே மேஜை, ஒரே குழுன்னு இல்லாம, வரிசையா அறைங்க. ஒவ்வொண்ணுலயும் அஞ்சு, பத்து நிமிஷம். மணி அடிச்சா அடுத்த அறை. ஒண்ணுல நடிகர் ஒருத்தர் நோயாளி மாதிரி அழுவார். ஒண்ணுல நியாயக் கேள்வி. ஒண்ணுல வார்த்தையாலேயே ஒருத்தருக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லித்தரணும். ஒரு அறைல சொதப்பினா அங்கேயே விட்டுட்டு அடுத்ததுக்குப் போகணும், அங்க இருக்கிறவருக்கு நீ முன்னாடி சொதப்பினது தெரியாது.

பூனால இந்த மாதிரி அறைங்க கிடையாது, ஒரே குழுதான். ஆனா பழகுறதுக்கு ஒண்ணு எடுத்துக்கலாம். நியாயக் கேள்வி வந்தா உடனே ஒரு பக்கம் சாயாத. ரெண்டு பக்கத்துலயும் நிக்கிற ஆள் யாருன்னு முதல்ல சொல்லு. அப்புறமா நீ எங்க நிக்கிறன்னு சொல்லு. சொல்லாமலும் விட்டுடாத, மழுப்பினா அதுக்கும் மார்க்கு போகும்.

இங்கிலீஷ் பத்தி. நான் இங்க வந்த புதுசுல "கொஞ்சம் திரும்பச் சொல்றீங்களா"ன்னு நாளைக்கு நாப்பது தடவை கேட்டேன். யாரும் வெளிய அனுப்பல. புரியாததைப் புரிஞ்ச மாதிரி தலையாட்டினாத்தான் வம்பு. சின்னச் சின்ன வாக்கியமா பேசு.

இங்கயும் பிள்ளைங்க நாலே நாலு மெடிக்கல் காலேஜுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். எல்லாப் பாடத்துலயும் ஏ ஸ்டார் வாங்கிட்டு நாலுலயும் இல்லைன்னு வந்த பிள்ளைங்களுக்கு நானே டீ போட்டுக் குடுத்திருக்கேன். நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படின்னு நினைக்காத.


அடுக்கம்பாறை_2 | வேலூர் | செவ்வாய், மாலை 5:18

அக்கா, நான் செகண்ட் இயர். கவுன்சலிங் பத்தி மட்டும் சொல்றேன், அதுலதான் எனக்கு அனுபவம்.

அரசுக் கல்லூரி இடத்துல 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, அதை நடத்துறது எம்சிசிங்கிற மத்திய கவுன்சலிங் குழு. மீதி 85 நம்ம ஸ்டேட், அதுக்குத் தனி விண்ணப்பம். ரெண்டுக்கும் போட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன். போடலைன்னா இந்த வரியோட நிறுத்திட்டு போய் தேதி முடியலையான்னு பாருங்க.

போன வருஷ கட்-ஆஃப் மார்க்கை வச்சு யூடியூப்ல ஜோசியம் சொல்றாங்க பாருங்க, அதைப் பார்க்காதீங்க. பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி மார்க்கே 2024ல 162, 2025ல 144. மார்க்கை மார்க்கோட ஒப்பிடவே முடியாது. உங்க ஸ்டேட் ரேங்க், உங்க பிரிவுல ரேங்க், அதை மட்டும் பழைய வருஷத்தோட வச்சுப் பாருங்க.

விருப்பப் பட்டியல்ல என் ஃப்ரெண்டு பண்ண தப்பு இது. அவனுக்கு அடுக்கம்பாறைதான் வேணும். ஆனா "கிடைக்காது"ன்னு எவனோ சொன்னதைக் கேட்டு, கிடைக்கும்னு தோணினதை முதல்ல போட்டு, அடுக்கம்பாறையை ஒன்பதாவதாப் போட்டான். அவன் முறை வந்தப்போ அடுக்கம்பாறைல இடம் இருந்தது. கம்ப்யூட்டர் மேல இருந்து கீழ வரும், முதல்ல எது காலியா இருக்கோ அதைக் குடுத்திடும். குடுத்திடுச்சு. பிடிச்சதை மேல வச்சா நஷ்டம் எதுவும் இல்ல, அது இல்லைன்னாத்தான் அடுத்ததுக்கு இறங்கும்.

வேலூர் ஜில்லா 2019ல மூணாப் பிரிஞ்சதுல, ராணிப்பேட்டைலயும் திருப்பத்தூர்லயும் இன்னும் அரசு மருத்துவக் கல்லூரி இல்ல. அதனால நம்ம பக்கத்துப் பிள்ளைங்க எல்லாம் அடுக்கம்பாறை, திருவண்ணாமலைன்னு அதோட நிறுத்திடறாங்க. 2022 ஜனவரில ஒரே நாள்ல 11 புதுக் கல்லூரி திறந்தாங்க. ராமநாதபுரம், அரியலூர், நீலகிரின்னு. தூரமா இருக்குன்னு அதையெல்லாம் விட்டுடாதீங்க.

எந்தச் சுற்றுல வாங்கினா விட்டுட்டு வெளிய வரலாம், எதுல பணம் போகும், எதுல வரவே முடியாதுங்கிறது ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும். இந்த வருஷக் கையேட்டை அச்செடுத்து கையில வச்சுக்கோங்க. யார் வாயையும் நம்பாதீங்க, என்னையும் சேர்த்துத்தான்.


மட்டுறுத்துநர் | செவ்வாய், மாலை 6:00

"பணம் கட்டினால் நிச்சய இடம்" என்று வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அப்படி யாராவது தனிச் செய்தியில் வந்தால் எனக்கு அனுப்புங்கள். மனசு தாங்காத அளவுக்குப் பாரமாக இருந்தால் 104-க்குக் கூப்பிடலாம், இலவசம். 14416-ம் உண்டு, தமிழில் பேசலாம்.


மோர்தானா | குடியாத்தம் | செவ்வாய், இரவு 11:26

பாகாயம் ஐயா, நாலு தடவை எழுதி அழிச்சேன், மன்னிக்கணும். இது அஞ்சாவது.

அம்மா ராத்திரியே இலையை நனைச்சு ஈரச் சாக்குல சுத்தி வச்சிடுவாங்க. காலைல தகடு வச்சு கத்தரியால வெட்டி, மடியில முறத்தைப் போட்டுக்கிட்டு உட்காருவாங்க. முறத்துல தூள். ஒரு கட்டுக்கு 25, நாப்பது கட்டு சேர்ந்தா ஆயிரம். நானும் ஸ்கூல் விட்டு வந்து நூல் கட்டியிருக்கேன்.

அம்மாவுக்கு இருமல் வந்தா முறத்தை எடுத்துத் தள்ளி வச்சிட்டு இருமுவாங்க. ஒடம்புக்காகன்னு ரொம்ப நாள் நினைச்சேன். இல்ல, இருமினா தூள் பறந்து வீணாகும், எடை குறைஞ்சா ஏஜெண்ட் பிடிச்சுக்குவாரு.

ஒரு நாள் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். "பீடி குடிப்பீங்களா?"ன்னு கேட்டாரு. அம்மா "இல்ல சார், சுத்துவேன்"னு சொன்னாங்க. அவர் அதைச் சீட்டுல எழுதிக்கவே இல்ல. மருந்து குடுத்தாரு, நல்ல டாக்டர்தான். ஆனா நான் அந்த நாற்காலில இருந்தா அதை எழுதியிருப்பேன்னு தோணுச்சு.

ராணுவம் ஏன்னா, உண்மையைச் சொன்னா முதல்ல ஃபீஸுதான். பேட்டைக்கார ஐயா எழுதினதைப் படிச்சப்புறம் வேற மாதிரியும் தோணுது. ஆனா அது ரெண்டு நாள் முன்னாடி வந்த எண்ணம். அதைச் சின்ன வயசுல இருந்தே இருந்ததுன்னு சொல்ல முடியாது.


பாகாயம்_பழசு | வேலூர் | புதன், காலை 6:40

இதற்குமேல் நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. ஒரே எச்சரிக்கை. இதையும் மனப்பாடம் செய்துவிடாதே. கண்ணீர் வரவழைக்கும் கதையாகவும் ஆக்கிவிடாதே. கேட்டால் சொல், கேட்காவிட்டால் விட்டுவிடு. கடைசிப் பத்தியில் இருப்பதை அப்படியே சொல்லலாம். ரெண்டு நாள் முன்னாடி வந்த எண்ணம் என்று ஒப்புக்கொள்கிற பிள்ளையை நான் குழுவில் இருந்தால் இன்னும் பத்து நிமிடம் உட்கார வைத்திருப்பேன்.


தோல்ஷாப்_மகன் | ராணிப்பேட்டை | புதன், இரவு 10:02

கடைசியா ஒண்ணு கேட்டியே, அதுக்கு யாரும் பதில் சொல்லல. "கிடைச்சிடும்"னு சொல்றவங்களைப் பத்தி.

ரெண்டாவது தடவையும் போச்சுன்னு தெரிஞ்சப்புறம் ஆறு மாசம் நான் ஒரு கல்யாணத்துக்கும் போகல. பந்தியில உட்கார்ந்தா பக்கத்து இலைக்காரர் "என்னாச்சு?"ன்னு கேட்பாரு. சாம்பார் ஊத்துறவரும் நின்னு கேட்டுட்டுத்தான் ஊத்துவாரு. அப்பா என் முன்னாடி ஒண்ணும் சொல்லல, ஆனா அவர் கடைல யாராவது நீட்னு ஆரம்பிச்சா ரேடியோ சத்தத்தைக் கூட்டிடுவாருன்னு வேலைக்காரத் தம்பி சொன்னான்.

நான் பண்ணது ரெண்டே விஷயம். ரிசல்ட், ஒதுக்கீடு, எதுவா இருந்தாலும் வீட்டுல எங்க சித்தி ஒருத்தர்தான் பதில் சொல்வாங்கன்னு முடிவு பண்ணோம். என்னைக் கேட்டா "சித்தியைக் கேளுங்க". அவங்க வாய்க்குப் பயந்து பாதிப்பேர் கேட்கவே இல்ல. ரெண்டாவது, வேற ஒரு படிப்புக்கும் விண்ணப்பம் போட்டேன், யாருக்கும் சொல்லாம. அதைத்தான் இப்ப படிக்கிறேன், ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி. நேத்து முதல் முறையா ஒரு மயக்க மருந்து மெஷினை நானே சரிபார்த்து வச்சேன். டாக்டர் ஆகலையேன்னு வருத்தம் இருக்கா? இருக்கு. வியாழக்கிழமை மட்டும் கொஞ்சம் அதிகமா இருக்கும், ஏன்னு தெரியாது.


வெயிலூரான் | வேலூர் | புதன், இரவு 10:30

தங்கச்சி, அன்னைக்கு நான் எழுதினது உன்னைப் பத்தி இல்ல. குலுக்கல்னு இப்பவும் சொல்வேன், ஆனா மெனக்கெடாதன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். பூனாவுக்கு டிக்கெட் எடுத்தாச்சா? அரக்கோணம் போயிட்டா மும்பை வண்டி கிடைக்கும். வெயிட்டிங் லிஸ்ட்னா சொல்லு, பார்க்கலாம்.


மோர்தானா | குடியாத்தம் | பதினைந்து நாள் கழித்து, வியாழன், மதியம் 1:15

போயிட்டு வந்துட்டேன். நைனா கூட வந்தாரு. வெளிய மரத்தடியிலயே உட்கார்ந்திருந்தாரு, பட்டாளத்துக்காரங்க யார் போனாலும் எழுந்து நின்னுட்டு இருந்தாராம்.

இங்கிலீஷ் தேர்வுல ஆறு கேள்வியைத் தொடவே முடியல. நேர்காணல்ல கோட்டையைக் கேட்கல, பனியைக் கேட்கல, ஐடா ஸ்கடரையும் கேட்கல. படிவத்துல அம்மாவோட தொழிலைப் பார்த்துட்டு அதுலயே நின்னுட்டாங்க. ஒரு கட்டுல எத்தனை, இலை எங்க இருந்து வருது, எவ்ளோ கூலின்னு ஒருத்தர் கேட்டாரு. சொன்னேன். அப்புறம் நடுவுல இருந்த மேடம் கேட்டாங்க: "பீடியைத் தடை பண்ணணுமா? டாக்டரா சொல்லு." பண்ணணும்னு சொன்னேன். "இப்ப மகளா சொல்லு."

எனக்குப் பேச்சு வரல. அரை நிமிஷம் யோசிச்சுக்கட்டுமான்னு கேட்டேன். சரின்னாங்க. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. லெஸ்டர் அக்கா சொன்னது ஞாபகம் வந்து, குடிக்கிறவர் ஒரு பக்கம், சுத்துறவங்க ஒரு பக்கம்னு ஆரம்பிச்சேன். நாளைக்கே தடை போட்டா எங்க தெருவுல பாதி வீட்டுல அடுப்பு எரியாது, அவங்களுக்கு வேற வேலை காட்டிட்டு அப்புறம் மூடணும், அதுவரைக்கும் சுத்துறவங்களோட நெஞ்சையாவது வருஷா வருஷம் யாராவது பார்க்கணும்னு சொன்னேன். ஒரு இடத்துல இங்கிலீஷ் வார்த்தை வராம "முறம்"னே சொல்லிட்டேன், கையால காட்டினேன். ஒருத்தர் சிரிச்சாரு. நல்ல சிரிப்பா, மத்த சிரிப்பான்னு தெரியல.

நேத்து பட்டியல் வந்துச்சு. வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கேன். நகரலாம், நகராமலும் போகலாம்.

இன்னைக்குக் காலைல ஸ்டேட் ஒதுக்கீடு வந்துச்சு. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி, எம்பிபிஎஸ். பட்டியல்ல பதினாலாவதா போட்டிருந்தேன். அம்மாகிட்ட சொன்னதும் ராமேஸ்வரம் பக்கமான்னு கேட்டுட்டு மறுபடி சுத்த ஆரம்பிச்சுட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா எண்ணிக்கையை விட்டுட்டு ஒரு கட்டுல 27 வச்சுக் கட்டியிருந்தாங்க.


பேட்டைக்காரர் | கம்மவான்பேட்டை | வியாழன், மதியம் 1:22

அடி ஆத்தா! எங்க வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டேன்.


அடுக்கம்பாறை_2 | வேலூர் | வியாழன், மதியம் 1:40

அக்கா, வாழ்த்துக்கள்!! பூனா நகருதான்னு பார்த்துக்கிட்டு வீட்டுல உட்கார்ந்துடாதீங்க. குடுத்த தேதிக்குள்ள போய் சேர்ந்திடுங்க, அடுத்த சுற்றுக்கு மேம்படுத்தணுமா வேணாமான்னு கையேட்டைப் பார்த்து முடிவு பண்ணிக்கலாம். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, மாற்றுச் சான்று எல்லாம் அசல். நகல் ஒரு அஞ்சு செட் போட்டுக்கோங்க, அங்க ஜெராக்ஸ் கடைல கூட்டம் அள்ளும்.


வெயிலூரான் | வேலூர் | வியாழன், மதியம் 2:05

விழுப்புரம் போயி ராத்திரி ராமேஸ்வரம் வண்டி. டிக்கெட் நான் பார்க்கறேன், உன் பேரு, நைனா பேரு, வயசு தனிச் செய்தில அனுப்பு.


மோர்தானா | குடியாத்தம் | வியாழன், மதியம் 2:11

அனுப்பிட்டேன் அண்ணா. ஒரு சந்தேகம். ஹாஸ்டலுக்கு வாளி, பாய் எல்லாம் இங்கிருந்தே எடுத்துட்டுப் போகணுமா?


அடுக்கம்பாறை_2 | வேலூர் | வியாழன், மதியம் 2:14

வாளி அங்கயே வாங்கிக்கலாம். பூட்டு மட்டும் இங்கிருந்து நல்லதா ஒண்ணு. ரெண்டு சாவி இருக்கிறதா பார்த்து வாங்குங்க.